பணம் பெறுவதற்கு ‘பின்’ எண் எதற்கு?

வீட்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் கட்டிலையோ இருசக்கர வாகனத்தையோ விற்க விரும்புவோர் இன்று இணைய விளம்பரத் தளங்களையே முதலில் நாடுகின்றனர். இடைத்தரகர் இல்லாதது இதன் நன்மை. ஆனால், விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது மோசடிக்காரர்களுக்கு வாய்ப்பாகிவிடுகிறது.

விற்பவர் கவனத்திற்கு

விளம்பரம் வெளியான சிறிது நேரத்தில் அழைப்பு வரும். பேசுபவர் விலையைக் குறைத்துக் கேட்கமாட்டார். பொருளை நேரில் பார்க்கவும் விரும்பமாட்டார். தொலைதூர முகாமில் பணிபுரியும் இராணுவ வீரர் என்று கூறி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடும் இம்முறையைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. அடுத்து, “முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ‘பின்’ எண்ணை இடுங்கள்” என்பார். இட்டவுடன் பணம் வராது. நம் கணக்கிலிருந்து போகும்.

யு.பி.ஐ. ‘பின்’ எண், காசோலையில் இடும் கையொப்பத்திற்கு நிகரானது. காசோலையைக் கொடுப்பவரன்றோ அதில் கையொப்பமிடுகிறார்? அவ்வாறே, பணம் பெறுவதற்கு ‘பின்’ எண்ணும் வேண்டியதில்லை, ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. இவ்வொன்றை மறவாதிருந்தால் இவ்வகை மோசடியில் சிக்கமாட்டோம்.

தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கோரும் யு.பி.ஐ. வசதி, மோசடிகளைத் தடுக்கும் நோக்கில் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. எனினும் கியூ.ஆர். குறியீடும் போலிக் குறுஞ்செய்தியும் இன்னும் கருவிகளாகவே உள்ளன. “தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்று எவரேனும் கேட்டால், குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கின் இருப்பைப் பார்த்து உறுதி செய்க.

வாங்குபவர் கவனத்திற்கு

சந்தை விலையினும் மிகக் குறைந்த விலை, உடனே முன்பணம், பிறகு போக்குவரத்துக் கட்டணம் என்று கோரிக்கைகள் தொடர்ந்தால் விலகிவிடுக. பொருளை நேரில் கண்ட பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வாகனமாயின் பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வாகனத்திலுள்ள எண்களுடன் ஒப்பிடுக. கடன் நிலுவை உண்டா என்று அறிக. உரிமை மாற்றத்திற்கான 29, 30 ஆம் எண் படிவங்களில் விற்பவரின் கையொப்பத்தைப் பெறுக.

ஏமாந்துவிட்டால்

கூச்சப்பட்டுக் காலம் தாழ்த்த வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்க; வங்கிக்கும் தெரிவிக்கவும். பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் தகவல் கிடைத்தால் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஆம் ஆண்டு விதிமுறைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பின் நேரும் இழப்பே வங்கியைச் சாரும். ஆகவே, புகார் செய்ய மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது.