அணை கட்டுமுன் ஆற்றை அளப்போம்

ஆற்றோரத் தோட்டங்களில் வாழ்வோருக்கு வெள்ளம் புதிதன்று. லயத்து வாசற்படியை நீர் தொட்டவுடன் அரிசியைப் பரண்மேல் ஏற்றுவதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்திற்கு விரைவதும் பல குடும்பங்கள் பட்டறிந்த துன்பங்களாகும். 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைப் பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1967ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பேராக், கிளந்தான், திரங்கானு ஆகிய ஆற்றுப் படுகைகளில் பெருகிய வெள்ளத்தை நேரிற் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. ஆயின், அணை போடுமுன் செய்ய வேண்டியது யாது? வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கம் ஒன்று அமையவிருப்பதாக அறிவிப்பு வருகிறது, பொறியாளர்கள் அமர்த்தப்படுகிறார்கள், மாதங்கள் பல கடந்தும் ஒரு கூடை மண்ணும் வெட்டப்படவில்லை. ‘வீண் காலதாமதம்’ என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அம்மாதங்களில் நடைபெறுவது என்ன என்பதே இவ்விதழின் பாடம்.

ஐதராபாத் தரும் பாடம்

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், இந்தியாவின் ஐதராபாத் நகரில் மூசி ஆறு கரை புரண்டு ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. இத்தகைய அழிவு மீண்டும் நேராதிருக்க வழிகாணுமாறு, பம்பாய் மாகாணப் பொறியாளராய்ப் பணியாற்றி விலகியிருந்த விஸ்வேஸ்வரய்யாவை நிஜாம் அரசு அழைத்தது. 1909 ஏப்ரலில் அவர் அந்நகரை அடைந்தார்.

வந்தவர் உடனே அணைக்குக் கல் நடவில்லை. ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் ஆராய்ந்தார். நகருக்கு மேற்புறத்து நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரி குளங்கள் இருந்தன. அவற்றுள் 221 அப்பெருமழையில் உடைந்தன என்பது தெரியவந்தது. வானத்து மழையோடு உடைந்த குளங்களின் நீரும் சேர்ந்தே நகரை அழித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் தம் அறிக்கையை அளித்தார். நகருக்கு மேலே இரு நீர்த்தேக்கங்கள் அமைத்து, வெள்ளத்தைத் தேக்கிச் சிறுகச் சிறுக வெளிவிட வேண்டும் என்பதே அதன் சாரம். உஸ்மான் சாகர் 1920இலும், ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன.

ஆய்வுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். கட்டி முடிக்கவோ பல்லாண்டுகள். அந்த ஆறு மாதம் வீண்போனதன்று. நோயறியாது மருந்து கொடுப்பார் உண்டோ?

பொறியாளர் கேட்கும் மூன்று வினாக்கள்

முதல் வினா: எவ்வளவு மழை? ஒரு ஹெக்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 இலட்சம் லிட்டர் நீர் சேரும். நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் அதே மழை பெய்தால் ஒரு கோடி கன மீட்டர் நீராகும். அதில் பாதியை மண் உறிஞ்சினும் ஐம்பது இலட்சம் கன மீட்டர் ஆற்றை நோக்கி ஓடிவரும். காடும் பால்மரமும் நின்ற இடத்தில் வீடும் தார்ச்சாலையும் வந்துவிட்டால், மண் உறிஞ்சும் பங்கு குறையும். நீர் ஓடிவரும் வேகமோ கூடும்.

இரண்டாம் வினா: ஆறு எவ்வளவு தாங்கும்? ஆற்றின் அகலம், ஆழம், வளைவு, அடியில் படிந்த மணல் ஆகியவற்றை அளந்தே இதற்கு விடை காண இயலும். கிந்தா பள்ளத்தாக்கில் நெடுங்காலம் நடந்த ஈயச் சுரங்கத் தொழில் ஆறுகளில் மணலையும் சேற்றையும் சேர்த்தது. மண் மேடிட்ட ஆறு சிறு மழைக்கும் வழிந்தோடும்.

மூன்றாம் வினா: மிஞ்சிய நீரை எங்கே தேக்குவது? இங்கே நாம் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஏற்கனவே நிறைந்த மங்கு அடுத்த துளிப் பாலை ஏற்காது. அதுபோலவே, நிறைந்த நீர்த்தேக்கம் வெள்ளத்தைத் தடுக்காது. குடிநீருக்கும் பயிருக்கும் தேக்கம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத் தடுப்பிற்கோ அதில் வெற்றிடம் இருக்க வேண்டும். ஒரே தேக்கம் இரு பணியையும் செய்வதாயின், எந்த மட்டம் வரை நீரை வைப்பது, எந்த மட்டத்திற்குமேல் காலியாக விடுவது என்பதை முன்னரே வகுத்தாக வேண்டும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்னும் சொல்லையும் சிலர் தவறாக உணர்கின்றனர். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது அதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்குண்டு என்பதே பொருள். அக்கணக்கின்படி, ஒரே வீட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்பவர் அதனை ஒருமுறையேனும் காண்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

பேராக் மாநிலத்தில்

நம் மாநிலத்திற்கு நீர்த்தேக்கங்கள் புதியவை அல்ல. கிரியான் வட்டார நெல்வயல்களுக்காகக் குராவ் ஆற்றில் அமைந்த புக்கிட் மேரா தேக்கம் 1906இல் நிறைவுற்றது. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930இல் எழுந்தது. 1970ஆம் ஆண்டுகளில் 127 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட தெமெங்கோர் அணை மின்சாரத்திற்காகவே அமைந்ததெனினும், மேல்நாட்டு மழைநீரைத் தாங்கி வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்கவும் உதவுகிறது.

எனினும், அணை தனக்கு மேற்புறத்தில் பெய்யும் மழையை மட்டுமே தாங்கும். ஈப்போ வழியே ஓடும் கிந்தா ஆறு இவ்வணைகளுக்கெல்லாம் வெகு கீழேதான் பேராக் ஆற்றில் கலக்கிறது. ஆகவே கிந்தாவின் வெள்ளத்தைத் தெமெங்கோர் தடுக்க இயலாது. ஒவ்வோர் ஆற்றிற்கும் தனித்தனி ஆய்வு வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

‘ஈயக்குட்டைகள் எத்தனையோ கிடக்கின்றனவே, அவற்றில் நீரைத் தேக்கலாகாதா?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சில குட்டைகள் இதற்குப் பயன்படக்கூடும். ஆனால் அவை ஏற்கனவே நிறைந்திருப்பின் பயனில்லை. அவற்றின் கரை தளர்ந்த மணலாயின் ஆபத்தும் உண்டு. ஐதராபாத்தில் உடைந்த 221 குளங்களை நாம் மறத்தலாகாது.

பொறியாளரைத் தேர்ந்தெடுத்தல்

1971 சனவரியில் கோலாலம்பூரை வெள்ளம் சூழ்ந்த பின்னர், 1972இல் வெள்ளத் தணிப்புப் பொறுப்பும் நீர்ப்பாசன வடிகால் இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய திட்டங்களுக்கு ஆலோசகப் பொறியாளர்களும் அமர்த்தப்படுவதுண்டு. மழைக் கணக்கு அறிந்தவர், பாறையும் மண்ணும் அறிந்தவர், அணைக்கட்டு அறிந்தவர் எனப் பலர் சேர்ந்தே இப்பணியை முடிக்க இயலும். அவர்கள் முறையாகப் பதிவுபெற்றவர்களாயும், இத்தகைய பணியில் முன்னனுபவம் உடையவர்களாயும் இருத்தல் வேண்டும். ஒருவர் வரைந்ததை அவரைச் சாராத மற்றொருவர் சரிபார்த்தல் நன்று.

குறைந்த கூலி கேட்பவரே சிறந்தவர் என்று கொள்ளலாகாது. வடிவமைப்பில் மிச்சம்பிடித்த பணத்திற்கு, அணையின் கீழ்ப்புறத்தில் வாழ்வோர் தம் உயிரால் விலைகொடுக்க நேரிடும். சீனாவில் பன்சியாவ் அணைக்கு மேலும் பல மதகுகள் வேண்டும் என்று பொறியாளர் ஒருவர் கூறியது ஏற்கப்படவில்லை. 1975 ஆகஸ்டுப் பெருமழையில் அவ்வணை உடைந்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். நல்ல பொறியாளரை அமர்த்தினால் மட்டும் போதாது. அவர் சொல்லைக் கேட்கவும் வேண்டும்.

நம் பங்கு

இவையெல்லாம் படித்தவர்களின் வேலை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று எண்ணுதல் தவறு. பால்வெட்டு மழையைப் பொறுத்து நடக்கும் தொழில். ஆகவே தோட்டத்து அலுவலகங்களில் கிராணிமார் நாள்தோறும் மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்து வைத்தனர். அப்பழைய பதிவேடுகள் பொறியாளருக்குப் பொன்னைப் போன்றவை. தோட்டம் விற்கப்பட்டு அலுவலகம் மூடப்படும்போது அவை குப்பைக்குப் போய்விடாமல் இலாகாவிடம் சேருமாறு பார்த்துக்கொள்வது நம் கடமையாகும்.

லயத்துச் சுவரில் வெள்ளம் ஏறிய அடையாளம் இருப்பின் அதனைச் சுண்ணாம்பால் மறைக்காது, ஆண்டையும் நாளையும் அருகே எழுதி வைப்போம். நீர் எப்பக்கமிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் நின்றது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வோம். அளக்க வரும் அதிகாரிகளிடம் அச்சமின்றி எடுத்துரைப்போம்.

பெரிய அணைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யப்பட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். அத்தகைய அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, தோட்டக் குடும்பங்கள் இடம்பெயர நேருமா, நேரின் மாற்று வீடு எங்கே, கோயிலும் இடுகாடும் பள்ளியும் என்னாகும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. இக்கேள்விகளை அணை எழுந்த பின்னர்க் கேட்டுப் பயனில்லை. வரைபடம் தாளில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

அணை வந்துவிட்டது என்ற துணிவில் ஆற்றங்கரையில் புதுவீடு எழுப்புவதும் அறிவுடைமையாகாது. எந்த அணையும் ஓர் அளவுக்கு உட்பட்டதே. மழையோ அளவு கேட்டுப் பெய்வதில்லை.

ஆற்றை அளப்பவர் பொறியாளர். அந்த ஆற்றோடு வாழ்ந்து அறிந்தவர் நாம். இரு அறிவும் ஒன்றுசேரும் இடத்தில்தான் உறுதியான அணை எழும்.