கசிவின் தடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வண்டியின் பெருமையை விரைவைக் கொண்டு அளப்பவர் பலர். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் அதன் பெருமையே. அரை நூற்றாண்டைக் கடந்த காரின் அடியில் தோன்றும் சிறு ஈரத்துளி, அந்த நிற்கும் ஆற்றல் குறைந்து வருவதன் அறிகுறியாக இருக்கலாம். அத்துளியின் பிறப்பிடத்தைத் தேடிக் கண்டறியும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

அழுத்தம் கடத்தும் நீர்மம்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை உருவான கார் அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரே அதன் மூலவடிவம். தமிழகத்தின் வாடகைக் கார் நிறுத்தங்களிலும் அரசு அலுவலக வாயில்களிலும் ஒரு காலத்தில் அதுவே நிறைந்திருந்தது. இன்றும் அதனைப் பேணி ஓட்டுவோர் உண்டு.

பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டரில் உள்ள உந்துதண்டு நீர்மத்தைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய்களின் வழியே ஒவ்வொரு சக்கரத்தின் வீல் சிலிண்டரையும் அடையும். அங்குள்ள உந்துதண்டுகள் பிரேக் ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தோடு உரசச் செய்யும். உராய்வால் சக்கரம் நிற்கும்.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. மாஸ்டர் சிலிண்டரின் உந்துதண்டு 4 சதுர செ.மீ. பரப்புடையது என்றும், அதன்மீது 100 கிலோ எடைக்கு ஈடான விசை செயற்படுகிறது என்றும் கொள்வோம். அப்போது ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் 25 கிலோ எடைக்கு ஈடான விசை அமையும். 5 சதுர செ.மீ. பரப்புடைய சக்கர உந்துதண்டு 125 கிலோ எடைக்கு ஈடான விசையைப் பெறும்.

இவ்விதி செயற்பட நீர்மம் அடைபட்டிருத்தல் வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்ச்சுற்றுதான் உண்டு. ஆதலால் ஒரு மூலையில் ஏற்படும் உடைப்பு, நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் செயலிழக்கச் செய்துவிடும். இரண்டு தனிச்சுற்றுகள் கொண்ட பிற்கால அமைப்பில், ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓரளவு காக்கும்.

பெயரால் எண்ணெய்

இந்நீர்மத்தைப் பட்டறையில் 'பிரேக் ஆயில்' என்பர். பெயரில் எண்ணெய் இருப்பினும் இது எண்ணெய் அன்று. பெரும்பாலும் கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் வகையைச் சார்ந்தது. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால், சிலிண்டர்களில் உள்ள ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடும். பின்னர் அமைப்பு முழுவதையும் பிரித்துச் சீர்செய்ய வேண்டிவரும். பிரேக் நீர்மம் வண்டியின் வண்ணப்பூச்சையும் அரிக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவுதல் நன்று.

காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது இதன் மற்றோர் இயல்பு. உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரில் துருவை உண்டாக்கும். நீர்மத்தின் கொதிநிலையையும் குறைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டியில் பிரேக் இடைவிடாது சூடாகும். அவ்வெப்பத்தில் நீர்மம் கொதித்து ஆவியானால், மிதி எதிர்ப்பின்றித் தரைவரை சென்றுவிடும்.

தெரிந்து தெளிவோம்

'டாட் 3' வகை நீர்மத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் 140 பாகைக்குக் குறையக் கூடாது. 'டாட் 4' வகைக்கு இவ்வளவுகள் முறையே 230, 155 பாகை செல்சியசு ஆகும்.

மிதி சொல்லும் செய்தி

மிதியின் நடத்தையிலிருந்தே தேடலைத் தொடங்கலாம். பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். முதல் மிதியில் தாழ்ந்தும் அடுத்தடுத்த மிதிகளில் உயர்ந்தும் நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்திருக்கலாம். அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போனால், கசிவு உண்டு என ஐயுறல் வேண்டும். அவ்வாறு இறங்கியும் வெளியே ஈரம் இல்லையெனில், மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையம் தேய்ந்திருக்கக் கூடும்.

டிரம் பிரேக்கில் ஷூக்களின் தேய்மானத்தால் நீர்மத்தின் மட்டம் பெரிதும் குறைவதில்லை. எனவே மாதந்தோறும் ஊற்ற வேண்டியிருப்பின் எங்கோ கசிகிறது என்றே கொள்ள வேண்டும். குறைந்ததை நிரப்பிவிட்டு ஓட்டுவது பழுதை நீக்குவதாகாது. அதனை மறைப்பதே ஆகும்.

தடம் தேடல்

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை இட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் உயிருக்குக் கேடு. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புக வேண்டும். பிறகு குழாய்களையும் இணைப்புகளையும் துணியால் ஈரமின்றித் துடைத்து, கீழே வெள்ளைத்தாள் விரிக்க வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் விளக்கொளியில் ஒவ்வோர் இணைப்பையும் நோக்க வேண்டும்.

துளி விழும் இடமே கசியும் இடம் என எண்ணுதல் பிழை. நீர்மம் குழாயின்மேல் ஊர்ந்து, தாழ்வான இடத்தில் சொட்டும். ஆதலால் துளியிலிருந்து மேல்நோக்கிச் சென்று, ஈரம் தொடங்கும் இடத்தைக் காண வேண்டும். இரும்புக் குழாயில் துருவேறிய பகுதிகளையும், முன் சக்கரங்களுக்கும் பின் அச்சுக்கும் செல்லும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்பையும் புடைப்பையும் ஆராய வேண்டும். மாரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே மறைந்திருக்கும், அதனையும் விட்டுவிடலாகாது.

பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் ஒரு குழப்பம் எழும். அது பிரேக் நீர்மமாகவும் இருக்கலாம். பின் அச்சின் ஆயில் சீல் தேய்ந்து வெளிவந்த கியர் ஆயிலாகவும் இருக்கலாம். இரண்டிற்கும் மருந்து வேறு. அந்த ஈரத்தில் சில துளிகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் இட்டுக் கலக்கினால் உண்மை விளங்கும். கிளைக்கால் வகைப் பிரேக் நீர்மம் தண்ணீரில் கரைந்துவிடும். கியர் ஆயில் மிதக்கும். இச்சிறு சோதனையைச் செய்யாமல் சீலை மாற்றினால், செலவும் வீணாகும், கசிவும் தொடரும்.

பழுது நீக்கல்

கசிவது பிரேக் நீர்மமே எனத் தெளிந்தால், டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே நீர்மம் தேங்கியிருந்தால் வளையம் பழுதானது உறுதி. பழைய ஷூக்களின் தூளில் கல்நார் இருக்கக் கூடும். அது நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. எனவே அதனைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சிலிண்டரின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால் புதிய வளையம் போதும். துருவால் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். குழியில் உரசும் புதுவளையம் விரைவில் கிழியும். உட்பாகங்களை மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ கழுவாமல், தூய பிரேக் நீர்மத்தாலேயே கழுவ வேண்டும். நீர்மத்தில் ஊறிய ஷூக்களை உலர்த்திப் பயன்படுத்தலாகாது. ஒரே அச்சின் இருபுறமும் ஷூக்களை மாற்றினால்தான் வண்டி ஒருபக்கம் இழுக்காமல் நிற்கும்.

அடுத்தது, உட்புகுந்த காற்றை வெளியேற்றல். இதனைப் பட்டறையினர் 'ஏர் எடுத்தல்' என்பர். வலப்புறம் ஓட்டுநர் அமரும் காரில், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடப் பின்சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். சக்கரத்தின் திருகில் ஒளிபுகும் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீர்மமுள்ள கண்ணாடிச் சீசாவில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் மிதியை அழுத்தும்போது திருகைத் திறந்து, அவர் காலை எடுக்குமுன் மூட வேண்டும். குமிழிகள் அற்று நீர்மம் மட்டும் வரும்வரை இதனைத் தொடர வேண்டும். இடையில் கலம் வற்றினால் மீண்டும் காற்று புகும். சீசாவில் சேர்ந்த நீர்மத்தைத் திரும்ப ஊற்றலாகாது.

இறுதியில் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்து, மிதியைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது இறங்காமல் நின்றால், ஆளற்ற சமவெளியில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். மறுநாள் காலை வெள்ளைத்தாள் உலர்ந்திருந்தால் பணி நிறைவுற்றது எனலாம். பயிற்சியற்றவர் தேர்ந்த மெக்கானிக்கின் மேற்பார்வையிலேயே இவற்றைச் செய்தல் வேண்டும். வண்டியில் செல்வோரின் உயிரும், எதிரே சாலையைக் கடக்கும் முன்பின் அறியாதவரின் உயிரும் அச்சிறு வளையத்தை நம்பியே இருக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, வண்டி உறுப்புகளுக்கு அங்கு வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை வகுப்பில் கலந்துரையாடுக.
2. சமையல் எண்ணெய், சர்க்கரைப்பாகு இவற்றைத் தனித்தனியே தண்ணீரில் கலந்து, காண்பவற்றைக் குறிப்பாக எழுதுக.

மதிப்பீடு

1. 'பிரேக் ஆயில்' என்னும் பெயர் எவ்வாறு பிழையான செயலுக்கு வழிவகுக்கும்?
2. துளி விழும் இடமும் கசியும் இடமும் வேறுபடக் காரணம் யாது?
3. 'குறைந்ததை நிரப்புவது பழுதை நீக்குவதாகாது' – இக்கருத்தை உங்கள் வாழ்க்கை நிகழ்வு ஒன்றுடன் பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.