சலானுக்குப் பதில் தரும் முன்

சென்னை நங்கநல்லூரில் தொழில் தொடங்கியிருக்கும் இளம் வழக்கறிஞருக்கு,

காவல்துறை கைபேசிக்கு அனுப்பும் மின்னணுக் குற்ற அறிவிப்பான இ-சலானைக் காட்டி வழி கேட்கும் கட்சிக்காரரை, தொகை சிறியதுதானே என்று "கட்டிவிடுங்கள்" என ஒரே சொல்லில் அனுப்பிவிடுவது முறையன்று. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதத் தொகைகள் உயர்ந்தபோது தலைக்கவசம் அணியாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1000 ரூபாயாயிற்று. இரு சக்கர வாகனத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அது சிறு தொகையே அன்று.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவு, அரசு குறித்த தொகையைச் செலுத்தி வழக்கை நீதிமன்றத்துக்குப் போகாமலே முடித்துக்கொள்ள இடமளிக்கிறது. எனினும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அவ்வாறு முடிக்கப்பட்ட குற்றமும் அடுத்த முறை மீறும்போது முந்தைய குற்றமாகவே எண்ணப்படும். பிரிவு 206(4) வழியே ஓட்டுநர் உரிமத்தின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையிலிருந்தும் பணம் கட்டியவருக்கு விடுதலை இல்லை. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துதல் ஆகியன 184ஆம் பிரிவின் ஆபத்தான ஓட்டுதலில் அடங்குவதால், ரசீது வாங்கியதும் எல்லாம் தீர்ந்தது என்று நம்புகிற வாடகைக் கார் ஓட்டுநரிடம் இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே விளக்குவது வழக்கறிஞரின் முதற்கடமை. உரிமம் வழங்கும் அலுவலர் 19ஆம் பிரிவின்படி உரியவரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே தகுதி நீக்கம் செய்ய முடியும் என்பதால், அந்த விளக்கத்தை எழுத்தில் தருவதற்கும் அவரை ஆயத்தப்படுத்த வேண்டும்.

அடுத்துப் பதிவின் உண்மையை ஆராய வேண்டும். கேமரா வழி வந்த சலானுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 167-ஏ விதி, வாகன எண் தெரியும் படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவற்றோடு மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழையும் கோரியது. 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும் வகுத்தது. விதிகள் திருத்தப்படுவதால், நடப்பிலுள்ள பாடத்தை ஒவ்வொரு முறையும் படித்துக்கொள்வது நல்லது. கத்திப்பாராவில் பதிவான படத்தில் இருப்பது வேறொருவரின் ஸ்கூட்டராகவோ, விற்றும் பெயர் மாற்றப்படாத பழைய வண்டியாகவோ இருக்கலாம். முன்னதில் எண்ணையும் வண்டியின் தோற்றத்தையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டும், பின்னதில் விற்பனை ஆவணத்தை இணைத்தும் உடனே எழுத்தில் மறுக்க வேண்டும். கட்டிவிட்டு முறையிடுவது கடினம்.

குடித்துவிட்டு ஓட்டியதற்கான 185ஆம் பிரிவு வழக்கில் கட்டி முடிக்கும் வழியே கிடையாது. நீதிமன்றம் போயே ஆக வேண்டும், முதன்முறைக் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

படம் தெளிவாகவும் மீறல் உண்மையாகவும் இருந்தால், அறிவிப்பு ஒரு நாள் தாமதமாக வந்ததைப் பிடித்துக்கொண்டு வாதாடும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை அருகே எதிர்த்திசையில் வண்டி ஓட்டியவரிடம், ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து செல்லும் முதியோர் அந்த வழியில்தான் சாலையைக் கடக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கறிஞரே இந்த ஊருக்குத் தேவை.