கிணற்று நீரும் ஒரு சமன்பாடும்

பல மாதம் ஆள்புழக்கமின்றிக் கிடந்த கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினாலும் அதன் நீர் உடனே குடிக்க ஏற்றதாகிவிடாது. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் நீர்வழியே பரவும். முதலில் வாடுபவர்கள் குழந்தைகள். கிருமியைக் கொல்ல வெளிற்றும் தூள் இடுகிறோம். எவ்வளவு இடுவது?

கிருமியைக் கொல்வது தூளிலுள்ள குளோரீன். புதிய தூளில் ஏறத்தாழ 30 வீதம் குளோரீன் உண்டு. வெப்பமும் ஈரமும் பட்டால் அது குறைந்துகொண்டே போகும். ஆகவே எல்லாத் தூளுக்கும் ஒரே கரண்டிக் கணக்குப் பொருந்தாது. இங்கேதான் அட்சரகணிதம் உதவுகிறது.

விதி ஒன்றே: கலக்க முன் தூளில் இருந்த குளோரீனும் கலந்தபின் கரைசலில் உள்ள குளோரீனும் சமம். தெரியாத அளவுக்கு ஓர் எழுத்தை இடுவோம்.

கணக்கு 1: ஒரு லீற்றர் நீரில் 1 வீதக் கரைசல் தயாரிக்க 10 கிராம் குளோரீன் வேண்டும். தூளின் அளவை ‘த’ கிராம் என்க.

புதிய தூள்: த × 30/100 = 10; த = 33 கிராம் (ஏறத்தாழ).

20 வீதத்துக்குக் குறைந்த பழைய தூள்: த × 20/100 = 10; த = 50 கிராம்.

பழைய தூளிலும் 33 கிராமே இட்டால் கிடைப்பது 6.6 கிராம் குளோரீன். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கிருமி தப்பிவிடும்.

கணக்கு 2: 200 லீற்றர்ப் பரலில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரீன் சேர்க்க வேண்டும் என்க. மொத்தத் தேவை 400 மில்லிகிராம். 1 வீதக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் உண்டு. சேர்க்கும் கரைசலை ‘க’ மில்லிலீற்றர் என்றால்:

10 × க = 400; க = 40 மில்லிலீற்றர்.

கரைசலைத் தெளியவிட்டு, மேலுள்ள தெளிந்த நீரையே எடுங்கள். பரலில் ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் கழித்தே குடியுங்கள். கலங்கிய நீருக்குக் கூடுதல் குளோரீன் தேவைப்படும், முதலில் வடியுங்கள். தூளின் வலுவையும் நீரில் எஞ்சிய குளோரீனையும் அறியப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியை நாடுங்கள். தூளை வேறெந்தச் சுத்திகரிப்பு மருந்துடனும் கலக்காதீர்கள்; நச்சுவாயு எழும். இறுக மூடி, நிழலில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பயிற்சி: 3 லீற்றர் 1 வீதக் கரைசல் வேண்டும். கையில் 20 வீதப் பழைய தூள் 60 கிராம் இருக்கிறது. அதனுடன் 30 வீதப் புதிய தூள் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும்? பிள்ளைகளோடு இருந்து செய்து பாருங்கள்.

விடை: 12 + த × 30/100 = 30; த = 60 கிராம்.