பிரான்ஸும் நேட்டோவும்

கேள்வி: 1966-இல் நேட்டோவை விட்டு விலகிய பிரான்ஸ், 2009-இல் மீண்டும் சேர்ந்தது ஏன்?

பதில்: பிரான்ஸ் நேட்டோ உடன்படிக்கையை விட்டு ஒருபோதும் விலகவில்லை, 1966 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குக் கடிதம் எழுதிய அதிபர் சார்ல் தெ கோல் முறித்துக்கொண்டது ஒருங்கிணைந்த படைத்தலைமையோடு, அதாவது உறுப்பு நாடுகளின் படைகளைப் போர்க்காலத்தில் ஒரே கட்டளையின் கீழ் இயக்குவதற்காக அமைதிக்காலத்திலேயே நிறுவப்பட்ட அமைப்போடு கொண்டிருந்த உறவை மட்டுமே. பாரிஸைக் காக்க வாஷிங்டன் தன் நகரங்களைப் பணயம் வைக்குமா என்ற அவரது ஐயம் நியாயமானது. 1960-இல் சஹாராவின் ரெகானில் வெடித்த பிரான்ஸின் முதல் அணுகுண்டு அந்த ஐயத்தைக் கொள்கையாக்கும் துணிவைத் தந்தது. பாரிஸுக்கு அருகே ரோக்கன்கூரில் இயங்கிய ஐரோப்பிய நேசப்படைத் தலைமையகம் 1967-இல் பெல்ஜியத்தின் காஸ்டோவுக்கு இடம்பெயர, அமெரிக்கப் படைகளும் வெளியேறின. ஆயினும், பலரும் கவனிக்கத் தவறும் செய்தி, போர் மூண்டால் இணைந்து செயற்படுவதற்கான அய்யரே-லெம்னிட்சர் ஒப்பந்தம் அதே ஆண்டில் கையெழுத்தானது என்பதாகும்.

பனிப்போருக்குப் பின் போஸ்னியாவிலும் கொசோவோவிலும் நேட்டோவின் நடவடிக்கைகளில் பிரெஞ்சுப் படைகள் பங்கேற்றபோதும், அவற்றைத் திட்டமிடும் அமைப்பில் பிரான்ஸுக்கு முழு இடம் இல்லாத முரண்பாடு நீடித்ததால், அதிபர் நிக்கோலா சர்க்கோசி 2009-இல் திரும்பும் முடிவை எடுத்தார். கூட்டணியின் அணு ஆயுதக் கொள்கையை விவாதிக்கும் அணுத் திட்டக் குழுவில் மட்டும் பிரான்ஸ் சேரவில்லை. அணுகுண்டைப் பயன்படுத்தும் முடிவு பிரெஞ்சு அதிபரிடமே இருக்கிறது.