இரவு பத்தரைக்கும் எரிகிற லைட்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் ஈவென்ட் லைட்டிங் தொழிலில் காலூன்ற நினைக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். சீரியல் செட்டும் நாலு போகஸ் லைட்டும் வைத்து முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓட்டிய காலம் முடிந்துவிட்டது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் பூர்வீக வீட்டில் கல்யாணம் வைக்க வருகிறார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, "தூணெல்லாம் கீழேயிருந்து ஒளிரணும், ஒயர் ஒண்ணும் கண்ணில் படக் கூடாது" என்கிறார்கள். அவர்கள் கேட்பது வயர்லெஸ் அப்லைட்டிங். உள்ளே பேட்டரி, உள்ளேயே ரிசீவர். தூணடியில் வைத்தால் மேல்நோக்கி ஒளி வீசும் எல்.இ.டி. பார் லைட். மதுரை, திருச்சி செட்கள் இதைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊருக்குள் வந்துவிட்டன. ஆர்டர் அவர்களுக்கா உங்களுக்கா என்பது இரண்டு விஷயத்தில் முடிவாகிறது: யாருக்குப் பேட்டரிக் கணக்கு தெரியும், யாருக்கு இந்த வீடுகளைத் தெரியும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் மணிவிழா வரவேற்பு. வளவைச் சுற்றிப் பதினாறு லைட். ஆறு மணிக்கு வீடே தங்கத்தில் வார்த்தது போல நின்றது. ஒன்பது இருபதுக்கு வடக்குப் பக்கத் தூண் ஒன்று சட்டென்று இருண்டது. ஐந்து நிமிஷத்தில் அடுத்தது. லைட் பார்த்த தம்பி எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு, பந்திக்குப் போகிறவர்கள் காலுக்கு நடுவே ஓடினான். பத்து மணிக்கு ஏழு லைட்தான் மிச்சம். வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்தார். அடுத்த வருஷம் அதே வீட்டுப் பேத்தி கல்யாணத்துக்கு வேறு ஆள் வந்தார்.

அந்தத் தம்பிக்கு விற்றவர் "பத்து மணி நேரம் நிற்கும்" என்று சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. ஒரே ஒரு நிறம் எரிந்தால் பத்து மணி நேரம் நிற்கும். தம்பி ஆம்பர், சிவப்பு, வெள்ளை மூன்றையும் முழு அளவில் கலந்து அந்தத் தங்க நிறத்தை எடுத்திருந்தான். மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஆறு மணிக்குப் போட்டது ஒன்பது இருபதுக்கு அணையத்தான் செய்யும்.

1. வாட்-அவர் கணக்கைக் கையில் போட்டுப் பாருங்கள். பெட்டியில் 11.1 வோல்ட், 13.2 ஆம்பியர்-அவர் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் சுமார் 146 வாட்-அவர். லைட்டில் 10 வாட் எல்.இ.டி. ஆறு, ஆக 60 வாட். எல்லா நிறமும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் இரண்டரை மணி நேரம்கூட வராது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: உள்ளே இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் தின்னும், வருஷம் ஆக ஆக பேட்டரியும் தளரும். நிஜமாகக் கையில் நிற்பது 117 வாட்-அவர். இனி விசேஷத்தின் பக்கமிருந்து கணக்குப் போடுங்கள். போட்டோகிராபர் நாலரைக்கே லைட் கேட்பார், வரவேற்பு முடியப் பத்தரை. ஆறு மணி நேரம். 117-ஐ ஆறால் வகுத்தால் 19 வாட் சொச்சம். இதுதான் உங்கள் பட்ஜெட். எந்த நிறத்தைக் கலந்தாலும் ஒரு லைட் 19 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆம்பர் மட்டும் எரிந்தால் 15 வாட் அளவில் முடிந்துவிடும்; அதில் வெள்ளையைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளலாம். டிம் செய்யத் தயங்காதீர்கள். பாதியாகக் குறைத்தாலும் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது. பேட்டரிக்கு மட்டும்தான் அது பாதி.

2. பேட்டரியின் சாதியைக் கேட்டு வாங்குங்கள். பழைய மாடல்களில் ஈய-அமில பேட்டரி இருக்கும்: கனம் அதிகம், சீக்கிரம் களைத்துவிடும், வேண்டாம். லித்தியம் அயன் லேசானது. சுமார் 500 முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கும்வரை நன்றாக உழைக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சற்றுப் பெரிது, விலை கூடுதல். ஆனால் ஆயிரக்கணக்கான முறை தாங்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். சித்திரை வெயிலில் வேன் ஓட்டும் ஊர் இது. கிடைத்தால் பாஸ்பேட்டையே எடுங்கள். பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாத பேட்டரி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். நீங்கள் அதை வைக்கப்போவது நூறு வருஷத் தேக்குக்குப் பக்கத்தில். பேட்டரி என்பது காரைக்குடிக்கு அந்நியச் சரக்கு இல்லை என்பதையும் மறக்காதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்ட சிக்ரி இங்கேதான் இருக்கிறது. நாட்டின் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே அமைந்த மத்திய நிறுவனம் அது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அந்த கேட்டைத் தாண்டி தினமும் பைக்கில் போகிற ஊர்க்காரருக்கு வோல்ட்டுக்கும் ஆம்பியர்-அவருக்கும் வித்தியாசம் தெரியாமல் இருப்பது நியாயமில்லை.

3. சுவர் என்ன, மரம் என்ன என்று பார்த்து நிறம் போடுங்கள். இதில்தான் வெளியூர் செட் தடுமாறும், நீங்கள் ஜெயிக்கலாம். பர்மா தேக்குத் தூணில் நீல ஒளியை அடித்துப் பாருங்கள். தூண் கரிக்கட்டை போல மங்கும். செம்பழுப்பு மரம் நீலத்தை விழுங்கிவிடும், திருப்பித் தராது. ஆம்பர் போட்டால் தேக்கின் ரேகை ஒவ்வொன்றாக எழுந்து வரும். லைட்டைத் தூணடியிலிருந்து முக்கால் அடி தள்ளி வைத்து, ஒளி தூணை உரசிக்கொண்டு போதிகைவரை ஏறும்படி சாய்க்க வேண்டும். இரண்டடி தள்ளினால் ஒளி தூணைத் தாண்டி உத்தரத்தில் சிதறும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் வேறு கதை. அது கண்ணாடி போலப் பளபளப்பாக இருக்கும். நேராக அடித்தால் எல்.இ.டி. புள்ளிகள் ஆறும் சுவரில் ஆறு பொட்டாகத் தெரியும். ஒரு டிஃப்யூஷன் ஷீட்டைப் போட்டுச் சாய்த்து அடியுங்கள். ஹாலில் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால், எதிரில் நின்று உங்கள் லைட் அதில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

மனிதர்கள் மேல் நிற ஒளி விழவே கூடாது. முகத்தில் பச்சை விழுந்தால் காய்ச்சல்காரர் போல இருப்பார்கள். அரக்கில் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையில் பச்சை விழுந்தால் அரக்கு கறுப்பாகிவிடும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையை ஆச்சி ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்து, ஆல்பத்தில் அது கறுப்பாக வந்தால் பழி போட்டோகிராபர் மேல் விழாது, உங்கள் மேல்தான் விழும். மணமேடைக்கு நல்ல வெள்ளை ஒளி தனியாக. அப்லைட் கட்டடத்துக்கு மட்டும்.

4. கேமரா டெஸ்ட் செய்யாமல் வாங்காதீர்கள். மலிவான லைட்டை டிம் செய்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் படபடக்கும். வீடியோவில் கறுப்புக் கோடுகளாக ஓடும். கடையிலேயே லைட்டைப் பாதியாகக் குறைத்து, போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். துடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். கல்யாணத்தோடு நிற்கிற தொழில் இல்லை இது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 'நாம் இருவர்' படத்தைக் காரைக்குடியில் போட்ட ஸ்டூடியோவில் எடுத்து 1947-இல் வெளியிட்டார். இன்றும் செட்டிநாட்டு வீடுகளைத் தேடிப் படக்குழுக்களும் விளம்பரக் குழுக்களும் வருகின்றன. அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஃபிளிக்கர் இருக்கா?"

5. வயர்லெஸ் கன்ட்ரோல் தேவையா என்று முதலில் கேளுங்கள். இரவு முழுக்க ஒரே ஆம்பர்தான் என்றால் சிக்னலே வேண்டாம். ஒவ்வொரு லைட்டிலும் நிறத்தை செட் செய்து பூட்டிவிடுங்கள். கெட்டுப்போக எதுவும் மிச்சமிருக்காது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு நிறம், கச்சேரிக்கு ஒரு நிறம் என்று மாற்ற வேண்டியிருந்தால்தான், எல்லா லைட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கட்டளை அனுப்பும் வயர்லெஸ் டி.எம்.எக்ஸ். அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. வீட்டு வைஃபை, முந்நூறு விருந்தாளிகளின் ஹாட்ஸ்பாட், ப்ளூடூத் எல்லாம் அதே தெருவில்தான் நடமாடுகின்றன. நெரிசல் பார்த்துத் தானாக அலைவரிசை தாவும் சி.ஆர்.எம்.எக்ஸ். போன்ற முறை இருந்தால் பிழைப்பீர்கள். செட்டிநாட்டுச் சுவரின் கனம் உங்களுக்குத் தெரியும். முகப்பில் டிரான்ஸ்மிட்டரை வைத்துவிட்டு இரண்டாங்கட்டில் லைட் கேட்கவில்லை என்று புலம்பிப் பயனில்லை. வளவு முற்றத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, நாலு பக்கமும் தெரிகிற இடத்தில் அதை வையுங்கள். மதியம் காலி வீட்டில் எடுத்த டெஸ்ட்டை நம்பாதீர்கள். கூட்டம் வந்ததும் சிக்னல் குறையும். லைட் மெனுவில் சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை 'ஹோல்ட்' என்று வையுங்கள். சிக்னல் அறுந்தாலும் கடைசி நிறம் அப்படியே நிற்கும், யாருக்கும் தெரியாது.

6. வீட்டின் மேல் கை வைக்கத் தெரிந்திருங்கள். இவை பெரும்பாலும் பங்கு வீடுகள். அழைத்தவர் ஒருவர், பங்காளிகள் பத்துப் பேர், சாவி இன்னொருவரிடம். அட்வான்ஸ் வாங்கும் முன் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் போய்ப் பேசுங்கள். எந்தப் பிளக்கில் லோடு தாங்கும், எந்த அறை திறக்காது, எந்தத் திண்ணையில் தாத்தா உட்கார்வார் என்று அவருக்குத்தான் தெரியும். பூச்சுச் சுவரில் டேப் ஒட்டக் கூடாது. உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். ஆணி என்ற பேச்சே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சிமென்ட்டும் மணலும் நிறமும் ஊற்றிக் கையால் செய்தது, கீறினால் கீறல்தான். லைட் ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பர் மேட் போடுங்கள், இழுக்காமல் தூக்கி வையுங்கள். டெக்கரேஷன் ஆட்கள் லைட்டை மறைக்கத் துணி சுற்றுவார்கள். தடுத்துவிடுங்கள். துளையில்லாமல் அடைத்த லைட் தன் உடம்பு வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். முகப்புக்கு வெளியே வைப்பது ஐ.பி.65 ரகமாக இருக்கட்டும். சார்ஜிங் மூடியை அழுத்தி மூடவில்லை என்றால் அந்த ரேட்டிங்கே செல்லாது, ஐப்பசி மழை நேராக உள்ளே போகும்.

7. வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே சார்ஜ் ஏறுமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கொட்டேஷன் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. இரவு பதினொன்றுக்கு லைட்டைக் கழற்றுகிறீர்கள். காலை ஐந்துக்குத் திரும்ப எரிய வேண்டும். முழு சார்ஜுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிற லைட் என்றால் திரும்ப எடுத்து வைக்க நேரமே இல்லை. ஒன்று, வேகமாகச் சார்ஜ் ஆகும் மாடல். இல்லையென்றால், காலைக்கென்று எட்டு லைட்டைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். சார்ஜ் போடுவது திறந்த தாழ்வாரத்தில், ஒரு ஆள் விழித்திருக்க. பூட்டிய மர அறையில் வேண்டவே வேண்டாம். உப்பிய பேட்டரி ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

8. விலையைக் குறைத்து ஆர்டர் பிடிக்காதீர்கள். நீங்கள் ஐந்நூறு குறைத்தால் பக்கத்து ஆள் ஆயிரம் குறைப்பார். கொட்டேஷனில் எழுதுங்கள்: எத்தனை லைட், எந்தத் தூணில், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, ஸ்பேர் எத்தனை. பத்துக்கு ஒரு ஸ்பேர் கட்டாயம். "இரவு பத்தரைவரை எரியும்" என்று எழுத்தில் கொடுக்கிற ஆள் இந்த வட்டாரத்தில் குறைவு. அந்த ஒரு வரிக்குக் கூடுதல் பணம் கேட்கலாம், கொடுப்பார்கள். உங்களுக்குச் சாதகமாக இன்னொன்று: 160 வாட்-அவருக்கு மேல் லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் லக்கேஜாகக் கொண்டுவர முடியாது, 100-ஐத் தாண்டினாலே ஏர்லைன்ஸ் அனுமதி வேண்டும். மும்பையிலிருந்து பறந்து வரும் வெடிங் பிளானர் லைட்டை உள்ளூரில்தான் வாடகைக்குத் தேடுவார். உங்கள் எண் அவர் போனில் இருக்கட்டும்.

முதல் நாளே பதினாறு வாங்கிக் கடனில் விழ வேண்டாம். இரண்டு வாங்குங்கள், மீதியை வாடகைக்கு எடுங்கள். ஒரு லைட்டின் விலையை வாடகையால் வகுத்தால் எத்தனை ஆர்டரில் முதல் திரும்பும் என்று தெரியும். அத்தனை முகூர்த்த நாள் உங்கள் காலண்டரில் நிஜமாக இருக்கிறதா என்று எண்ணிய பிறகு மூன்றாவதை வாங்குங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் வராது. அப்போது லைட்டைக் காலியாகப் போட்டு வைத்தால் பேட்டரி செத்துவிடும்; முழு சார்ஜில் வைத்தாலும் சீக்கிரம் தளரும். பாதிச் சார்ஜில், வெயில் படாத அறையில் வைத்து, மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொன்றையும் நிரப்பி, விசேஷத்தில் போடுகிற அதே நிறத்தில் எரியவிட்டு, அணைகிற நேரத்தை லைட் நம்பர் வாரியாக நோட்டில் குறியுங்கள். ஆறு மணி நேரம் நிற்காத லைட்டை அந்த வருஷம் வளவுக்குள் கொண்டுபோகாதீர்கள்.