பெரிய பூசணி வளர்ப்போம்: அரியாலை மண்ணிலிருந்து மலைக்கு ஒரு பாடம்



லயத்துப் பக்கம் போகும்போது பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. "சேர், வெளிநாட்டிலே ஆயிரம் கிலோ பூசணி காய்க்குதாமே, மெய்தானா? நம்ம வீட்டுப் பின்னாலே அப்பிடி ஒண்ணு வருமா?" பெரியவர்களும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்று பதிலை எதிர்பார்க்கிறார்கள். ஆகவே இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். இதுவரை ஒரு விதைகூட ஊன்றாதவர்களும் விளங்கிக்கொள்ளும்படி எழுதுகிறேன்.

முதலில் பதில். அது மெய்தான். கனடா நாட்டில் வில்லியம் வார்னொக் என்பவர் வளர்த்த 403 றாத்தல் பூசணி 1904 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அந்தச் சாதனையை 1976 வரை யாரும் முறியடிக்கவில்லை. பிறகு அதே கனடாவில் ஹவார்ட் டில் என்ற விவசாயி பல வருடம் பொறுமையாக நல்ல காயின் விதையை மட்டும் எடுத்து எடுத்து, 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற இனத்தை உண்டாக்கினார். இன்று உலகத்தில் காய்க்கும் ராட்சதப் பூசணிகள் எல்லாம் அந்த வம்சம்தான். 2023 இல் அமெரிக்காவில் ஒரு காய் 1247 கிலோ நின்றது. 2025 இல் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர் இருவர் வளர்த்த காய் அதையும் தாண்டியது.

நம்ம வீட்டுப் பின்னாலே ஆயிரம் கிலோ வராது. அதற்கு அந்த விதை வேண்டும், கோடையில் பதினைந்து பதினாறு மணி நேரப் பகல் வேண்டும். ஆனால் அவர்கள் செய்கிற வேலைமுறை நமக்கும் உதவும். அதே முறையில் நம் நாட்டுப் பூசணியை வளர்த்தால் பத்துக் கிலோவைத் தாண்டிய காய் எடுக்கலாம். ஒரு லயத்துக்கே கறிக்குப் போதும்.

அரியாலையில் எப்படிச் செய்கிறார்கள்?

நான் பிறந்த ஊர் அரியாலை. யாழ்ப்பாண நகரத்துக்குக் கிழக்கே, கண்டி வீதி ஓரமாக, ஒரு பக்கம் கடல்நீரேரி இருக்கிற ஊர். அங்கே ஆறு இல்லை, அருவி இல்லை. பீலியில் தண்ணீர் சும்மா கொட்டுவதை அந்த ஊர்ச்சனம் பார்த்தால் ஆச்சரியப்படும். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். மிச்ச மாதங்களுக்குக் கிணறுதான் கதி. அந்தக் கிணற்றிலும் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நீரேரிப் பக்கம் தண்ணீர் உவர்த்துப் போகும்.

அப்படிப்பட்ட இடத்தில் மரக்கறி விளைவதற்குக் காரணம் மண்ணுக்குச் சாப்பாடு கொடுக்கிற பழக்கம். பூவரசங் குழையை வெட்டித் தாழ்ப்பார்கள். பனையோலையைக் கிடங்கில் புதைப்பார்கள். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டியை நிலத்திலேயே அடைத்து எருவை ஏற்றுவார்கள். தண்ணீரைச் செடியின் காலடிக்கு மட்டும் விடுவார்கள். மழை விட்டதும் தை மாதத்தில் பூசணி விதை போடுவார்கள்.

இந்தப் பழக்கத்தை மலைக்குக் கொண்டுவரும்போது மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, மண். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிற நாடு. அங்கே பூசணிக்குச் சுண்ணாம்பு போடத் தேவையில்லை. நம்முடைய தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், பூசணிக்குப் பிடிக்காது. கவ்வாத்து வெட்டும் வருடத்தில் மலைக்கு டொலமைட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்கே புளிப்பு மிஞ்சினால் அது தேவைப்படுகிறது என்றால் பூசணிக்கு எவ்வளவு தேவை என்று யோசியுங்கள்.

இரண்டு, தண்ணீர். அரியாலையில் தண்ணீர் போதாது. நமக்கோ மிஞ்சிவிடும். தண்ணீர் தேங்கினால் பூசணி வேர் அழுகும். ஆகவே குழிக்குப் பக்கத்தில் சின்னக் கான் ஒன்று வெட்ட வேண்டும்.

மூன்று, காலம். அட்டன், மஸ்கெலியா பக்கம் ஆனி மாதத்தில் தென்மேற்கு மழை கொட்டத் தொடங்கும். அதற்குமுன் காய் முற்ற வேண்டும். ஆகவே தை, மாசியில் விதை போடுங்கள். பதுளை, பசறைப் பக்கத்தவர்கள் மாசி, பங்குனியில் போட்டால் சித்திரை மழை உதவும். நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் பனி உறைந்து இலை கருகும். பங்குனி வரை விதையைச் சட்டியில் போட்டு வீட்டுக்குள்ளே முளைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்?

இதைத்தான் முதலில் நிதானமாக யோசிக்க வேண்டும். புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்தது. ஏழு பேர்ச் என்றால் சுமார் 177 சதுர மீற்றர். வீடு, கக்கூஸ், பாதை போக மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். லயத்தில் இருப்பவர்களுக்கு வாசலும் பின்பக்கத்து ஒரு துண்டும்தான். பெரிய காய்க்கு விட்ட ஒரு பூசணிக்கொடி நன்றாகப் படர்ந்தால் ஒரு பேர்ச்சுக்கு மேல் பிடிக்கும். அதை நம்பி கீரை, போஞ்சி, மிளகாய்ப் பாத்தியை அழித்துவிடக் கூடாது. மூன்று குழி போட இடமிருந்தால் இப்படிப் பிரியுங்கள்: போட்டிக்கு ஒன்று, சட்டிக்கு இரண்டு.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. இடம் பிடிப்பதற்காக லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. சரிவில் புதுக்கிடங்கு வெட்டினால் மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி மண்ணை இளக்கும். மட்டமான இடத்தில் மட்டும் குழி வெட்டுங்கள். தோட்டத்துக் காணி என்றால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைமுறை

1. குழி: இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மேல்மண்ணைத் தனியாக வையுங்கள். அந்த மண்ணோடு இரண்டு மூன்று கைப்பிடி டொலமைட் கலந்து குழியில் போட்டு இரண்டு கிழமை விடுங்கள். டொலமைட் இல்லாவிட்டால் விறகடுப்புச் சாம்பல் உதவும். அதன்பிறகு இரண்டு வாளி மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு கலந்து மண்ணைக் குவியலாக்குங்கள். டொலமைட்டையும் எருவையும் ஒரே நாளில் கலந்தால் எருவின் சத்து ஆவியாகப் போய்விடும். பச்சைச் சாணி போட்டால் வேர் சுடும்.

2. விதை: விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த 'ஏ.என்.கே. ருகுணு' போன்ற இனங்கள் உண்டு. கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். வெளிநாட்டு உறவினரிடம் தபாலில் விதை கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி குற்றம், புது நோயும் அதோடு வரும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்த விதையில் நாலைந்தை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்து நாலு இலை வந்ததும் திடமான கன்று ஒன்றை மட்டும் விடுங்கள். கறிக்குழியில் இரண்டு விடலாம்.

3. கொடி: போட்டிக் கொடியை ஒரே திசையில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு கணுவின் மேலும் ஒரு பிடி மண்ணைப் போட்டு மூடினால் அங்கே புது வேர் இறங்கும். பெரிய காயின் இரகசியம் இதுதான். ஒரு வேர் ஊட்டுகிற காய்க்கும் இருபது வேர் ஊட்டுகிற காய்க்கும் வித்தியாசம் இருக்குமே.

4. பூ: முதலில் ஆண் பூக்கள்தான் வரும். "பூக்குது, காய்க்கல்லையே" என்று கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பெண் பூவின் அடியில் சின்ன உருண்டைப் பிஞ்சு இருக்கும். பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். குளிர்ந்த மழைக்காலையில் தேனீ வராது. ஆகவே பெரட்டுக்குப் போகுமுன், ஆறு மணிபோல், ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கலாம்.

5. ஒரே காய்: மூன்று பிஞ்சு நின்று தேங்காய் அளவு வந்ததும், வேரிலிருந்து எட்டுப் பத்து அடி தள்ளி இருக்கும் நல்ல பிஞ்சை வைத்துக்கொண்டு மற்றதைப் பறித்துக் கறி வையுங்கள். மனம் வராது. ஆனால் ஒரு சட்டிச் சோற்றை மூன்று பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கும் வயிறு நிறையாது. ராட்சத இனத்தில் நன்றாக ஏறும் காலத்தில் காய் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோவே கூடும்.

6. தண்ணீர்: பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காலையில், காலடியில், ஒரே அளவாக ஊற்றுங்கள். ஒரு கிழமை காயவிட்டுப் பிறகு வாளிவாளியாக ஊற்றினால் காய் வெடிக்கும்.

7. படுக்கை: காயின் கீழே வைக்கோல், காய்ந்த மானாப்புல் அல்லது சாக்கு போடுங்கள். சரிவான இடமென்றால் மண்ணை மட்டமாக்கி அணை கொடுங்கள். மலையில் பூசணி உருண்டால் கீழ் லயத்துக் கூரையில்தான் போய் நிற்கும்! கடும் வெயிலில் தோல் வெடிக்காமல் மேலே ஓர் ஓலையோ துணியோ நிழலாகக் கட்டுங்கள்.

பூச்சியும் நோயும்

சிவப்பு வண்டு இலையைத் துளைக்கும். காலையில் அது சோம்பலாக இருக்கும்போது பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள், இலைமேல் சாம்பல் தூவுங்கள். பழ ஈ பிஞ்சைக் குத்தி முட்டையிடும். பிஞ்சு நின்றதும் கடதாசிப் பையால் மூடி, அழுகியதை எடுத்து ஆழமாகப் புதையுங்கள். இலையில் வெள்ளைப் பொடி படிந்தால் அந்த இலையை அகற்றிக் காற்றோட்டம் கொடுங்கள். இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருண்டால் அது வைரஸ் நோய். மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி எரியுங்கள்.

தேயிலை மலைக்குப் புல் மருந்து அடிக்கும் டாங்கியை வீட்டுத்தோட்டத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். கழுவினாலும் அடியில் ஒட்டியிருக்கும் மருந்து பூசணியைக் கருக்கிவிடும், சாப்பிடுகிற பிள்ளைக்கும் கூடாது. அதேபோல் தேயிலைப் பசளையும் வேண்டாம். அது கொழுந்துக்கான கலவை. பூசணிக்குப் போட்டால் இலை யானைக்காது மாதிரி வரும், காயைத் தேட வேண்டியிருக்கும்.

அறுவடையும் சாப்பாடும்

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நூலால் காயின் சுற்றளவை அளந்து பிள்ளையின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கிழமை அளவு கூடாமல் நின்று, நகத்தால் அழுத்தினால் தோல் இறங்காமல் இருந்தால் காய் முற்றிவிட்டது. நாலு விரல் நீளம் காம்பு விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு பேர் சாக்கில் வைத்துத் தூக்குங்கள். கொழுந்து நிறுக்கும் தராசில் நிறுக்கக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, தராசிலும் மறைக்க முடியாது!

மஞ்சள் நிறச் சதையில் பிள்ளைகளின் கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் வேண்டிய விற்றமின் ஏ ஆகும் சத்து உண்டு. கொஞ்சம் தேங்காய்ப் பாலோ எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால்தான் அது உடம்பில் சேரும். இளம் இலையைச் சுண்டலாம், பூவையும் சமைக்கலாம். விதையை வறுத்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கொடுங்கள், புரதமும் இரும்புச் சத்தும் உண்டு. வெட்டாத காயைக் காற்றோட்டமான காய்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். பேர் குறைந்து சம்பளம் இளைக்கும் மாதத்தில் அது கைகொடுக்கும். ஒரே ஒரு கவனம்: பூசணி கைப்பாக இருந்தால் சாப்பிட வேண்டாம், அதில் நஞ்சு இருக்கும். எறிந்துவிடுங்கள்.

பாடத்தை விளங்கிக்கொண்டீர்களா?

வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள்.

1. அரியாலையில் பூசணிக்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை. நமக்கு ஏன் வேண்டும்?
2. டொலமைட்டையும் மாட்டெருவையும் ஏன் ஒரே நாளில் கலக்கக் கூடாது?
3. பெண் பூவை எப்படி அடையாளம் காண்பீர்கள்?
4. கணுவின் மேல் மண் போடுவதால் என்ன பயன்?
5. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை ஏன் வெட்டக் கூடாது?

ஐந்துக்கும் பதில் தெரிந்தால் நீங்கள் விதை ஊன்றத் தயார். சந்தேகம் இருந்தால் பிள்ளைக் காம்பறாவில் சொல்லிவைத்தால் வந்து குழியைப் பார்த்துத் தருகிறேன். இந்தத் தையில் லயத்துக்கு ஒரு குழியாவது வெட்டுவோம்.